கீரிப்பிள்ளை செத்துப்போற கதையைப் பிள்ளைகிட்ட கொடுக்கலாமா?

செந்தூல்அம்மா
எல்லாருக்கும் வணக்கம். மகள் ஆண்டு 2 படிக்கிறா. பள்ளி நூலகத்துலேர்ந்து பஞ்சதந்திரப் படக்கதை ஒன்னு எடுத்துட்டு வந்தா. உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான். தொட்டில்ல குழந்தை, பாம்பு வருது, வளர்த்த கீரிப்பிள்ளை அதைக் கடிச்சுக் குதறுது, வாயெல்லாம் ரத்தத்தோட வாசலுக்கு ஓடி வருது. பிள்ளையைக் கடிச்சிடுச்சுனு நினைச்சு அம்மாக்காரி தண்ணிக் குடத்தை அது தலையிலேயே போட்டுடறா.

நான் அடுப்படியில இருந்தேன். கூடத்துல சத்தமே இல்லை. போய்ப் பார்த்தா புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால செருகி வெச்சிட்டு, நிலாம் பதிவேட்டை (படிச்ச புத்தகத்தைப் பதியற பள்ளி நோட்டு) எழுதிட்டு இருக்கா. "நான் கற்றுக்கொண்டது" என்ற இடத்துல "அந்த அம்மா முதல்ல உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம்"னு எழுதியிருந்தா. அன்னியிலேர்ந்து ராத்திரியானா கேள்வி. கீரிக்கு வலிச்சிருக்குமா, அந்த அம்மாவை யாராவது திட்டினாங்களா, நீங்க என்னைப் பார்க்காம அடிப்பீங்களா.

மாமியாருக்குக் கோவம். "விளக்கு வெச்ச நேரத்துல சாவுக் கதையா"ங்கிறாங்க. வீட்டுல மாமனாருக்கு டயாலிசிஸ் ஓடிட்டிருக்கு, அதனால அவங்களுக்கு அந்தப் பேச்சே ஆகாது. எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். பிள்ளைங்க புத்தகத்தை நாமளே முன்னாடி படிச்சுப் பார்த்து, சாவு வர்றதை ஒதுக்கி வெக்கறது சரியா? எத்தனை வயசு வரைக்கும்?

மைவிஓட்டி
ஒதுக்கினா என்ன மிஞ்சும்க்கா? என் பையனை 2019-ல 'தி லயன் கிங்' கூட்டிட்டுப் போனேன், புதுசா எடுத்தது. அப்பா சிங்கம் விழுந்ததும் இவன் நாற்காலி மேல ஏறி நின்னு "எழுந்திரு! எழுந்திரு!"னு கத்தறான். முன் வரிசையில இருந்த சீனப் பாட்டி திரும்பிப் பார்த்து, கையில இருந்த பாப்கார்னை அப்படியே இவன்கிட்ட நீட்டிட்டாங்க. 1994-ல பழைய படத்துக்கு நானும் அழுதவன்தான். தியேட்டர் இருட்டு, யாருக்கும் தெரியல.

கார்ல வரும்போது ஒரே கேள்வி: "உங்கப்பா எப்படி விழுந்தாரு?" எங்கப்பா விழல லா, மாரடைப்பு. அதுவரைக்கும் அவன்கிட்ட எங்கப்பாவைப் பத்தி நான் பேசினதே இல்லை. கெப்போங் டோல் வரைக்கும் பேசிட்டே வந்தோம்.

நூலகப்பூனை
கோலாலம்பூர்ல ஒரு நூலகத்துல பிள்ளைங்க பகுதியில வேலை பாக்கிறேன். இந்தக் கேள்வியோட வராத அம்மா இல்லை.

முதல்ல, மைவி அண்ணன் சொல்றது சும்மா பேச்சு இல்லை. 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' 2014 கிறிஸ்துமஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 1937-ல வந்த ஸ்னோ ஒயிட்லேர்ந்து 2013-ல வந்த ஃப்ரோசன் வரைக்கும் 45 கார்ட்டூன் படத்தை எடுத்துக்கிட்டு, அந்தந்தக் காலத்துப் பெரியவங்க படம் 90-ஓட ஒப்பிட்டாங்க. முக்கியமான பாத்திரம் சாகிற வாய்ப்பு கார்ட்டூன்லதான் இரண்டரை மடங்கு. 'ஃபைண்டிங் நீமோ'வில அம்மா மீன் 4 நிமிஷம் 3 விநாடியில போயிடுது. கிறிஸ்துமஸ் இதழ்ல கொஞ்சம் குறும்பா எழுதறது அவங்க வழக்கம், ஆனா கணக்கு கணக்குதான்.

அதனால முழுசா ஒதுக்க முடியாது. ஆனா எல்லாச் சாவும் ஒன்னு இல்லைங்கிறதையும் சொல்லணும். இந்தக் கீரிக் கதை லேசான கதையே இல்லை. கொன்னது அம்மா, அதுவும் நம்பின பிராணியை. உங்க மக கேட்ட கேள்வியில பாதி கீரியைப் பத்தியே இல்லை பாருங்க, உங்களைப் பத்தினது. இன்னொன்னு, கதை எங்க நிக்குதுன்னு கவனிங்க. குடம் விழுந்துச்சு, உள்ள போனா, பாம்பைப் பார்த்தா, அழுதா. அடுத்த வரி நீதி: ஆராயாமல் எதையும் செய்யாதே. கீரியை யார் தூக்கினா, எங்க புதைச்சா, அந்தப் பிள்ளை பெரிசானதும் அதுகிட்ட சொன்னாங்களா? ஒன்னும் கிடையாது. செத்த சூடு ஆறலை, பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க.

'சார்லட்ஸ் வெப்'னு ஒரு ஆங்கில நாவல், 1952-ல வந்தது. அதுல ஒரு பன்னிக்குட்டியோட சிநேகிதி, சார்லட்ங்கிற சிலந்தி சாகுது, கூட யாருமே இல்லாம, பொருட்காட்சித் திடல்ல. ஆனா அதோட முடியல. பன்னிக்குட்டி அவளோட முட்டைப் பையை வாயில வெச்சுப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு வருது, பனிக்காலம் போகுது, குஞ்சுங்க பொரிக்குது, பெரும்பாலானது பறந்து போயிடுது, மூணு மட்டும் தங்குது. எழுதின ஈ.பி. ஒயிட் அதை ஒலிப்புத்தகத்துக்கு வாசிச்சப்போ சார்லட் சாகிற இடத்துல குரல் உடைஞ்சு உடைஞ்சு, 17 தடவை பதிவு பண்ண வேண்டியிருந்துச்சாம். சாகப்போறது சிலந்தினு அவருக்குத் தெரியாதா என்ன.

கேட்டுக்கிட்டிருக்கேன்
நல்ல இழை. பின்தொடர்கிறேன்.

லயத்துப்பேத்தி
நான் சுங்கை பூலோ பக்கம் ஒரு தோட்டத்துல வளர்ந்தவ. எங்களுக்குக் கீரிப்பிள்ளையெல்லாம் பாலர் பள்ளிப் பாடம். அப்பாயி சொன்னது நல்லதங்காள்.

தெரியாதவங்களுக்கு: பஞ்சம் தாங்காம ஏழு பிள்ளைங்களோட அண்ணன் வீட்டுக்கு வர்றா. அண்ணன் வீட்டுல இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தறா, சோறு போடாம விரட்டறா. நல்லதங்காள் பிள்ளைங்களை ஒவ்வொன்னா பாழுங்கிணத்துல போட்டுட்டுத் தானும் விழறா. ஒரு பையன் மட்டும் ஓடுவான், "என்னை விட்டுடும்மா"ன்னு கெஞ்சுவான். அவனையும் பிடிச்சுப் போடுவா.

இதை அப்பாயி லயத்து வாசல்ல உட்கார்ந்து, முட்டிக்குத் தைலம் தேய்ச்சிக்கிட்டே பாட்டா சொல்லுவாங்க. நாங்க பேரப்பிள்ளைங்க வரிசையா உட்கார்ந்திருப்போம். ஒரு பிள்ளை கிணத்துல விழும்போதெல்லாம் எங்கள்ல ஒருத்தர் தலையைத் தொடுவாங்க. ஒன்னு. ரெண்டு. தைல வாசனை அப்படியே முடியில ஒட்டிக்கும். கடைசியில சிவனும் பார்வதியும் வந்து எல்லாரையும் எழுப்பினதா பக்கத்து வீட்டுப் பாட்டி கதையில வரும். எங்கப்பாயி கதையில யாரும் எழுப்ப வரல. அவங்க அழுவாங்க, நாங்களும் அழுவோம், அப்புறம் வரக்கோப்பியும் ரொட்டியும்.

பயந்துதான் போனோம். கிணத்துப் பக்கமே போக மாட்டோம். (அதுக்காகத்தான் சொன்னாங்களோ என்னவோ!) ஆனா ஒருத்தரும் கெட்டுப் போகல.

ஓய்வுவாத்தியார்
பினாங்கில் முப்பதாண்டுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியவன். சகோதரி லயத்துப்பேத்தியின் பதிவை ரசித்தேன். ஆனால் "நாங்கள் கேட்டோம், கெட்டுப் போகவில்லை" என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. கெட்டுப் போனவர்கள் இங்கே வந்து பதிவு போட மாட்டார்கள்.

மலாய்க் கதைகளில் 'பத்து பெலா பத்து பெர்தாங்குப்' இருக்கிறதே, நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். தாய் ஆசைப்பட்டு வைத்திருந்த தெம்பாக்குல் மீன்முட்டையைப் பிள்ளை தின்றுவிடுகிறது. மனம் ஒடிந்த தாய் காட்டுக்குப் போய், வாய் திறந்து மூடும் பாறையை அழைக்கிறாள், பாறை விழுங்கிவிடுகிறது. பிள்ளைகள் ஓடிவந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்தது. இதைக் கேட்ட என் மாணவன் ஒருவன், தாய் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டில் கை வைக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தான். அவன் தாய் பள்ளிக்கே வந்து என்னிடம் அழுதார். அந்தக் கதை அவனுக்குச் சாவைச் சொல்லித் தரவில்லை. "உன்னால்தான்" என்று சொல்லியிருக்கிறது.

ஆனால் இதே மாணவர்களிடம் ஹங் நாடிம் கதையைச் சொல்லிப் பாருங்கள். தோடாக் மீன்கள் கரையிலிருப்போரைக் குத்திக் கொல்கின்றன. வாழைத்தண்டுகளை வேலியாக நட்டால் மீன்களின் அலகு அதில் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் யோசனை சொல்லி ஊரைக் காப்பாற்றுகிறான். இவன் வளர்ந்தால் ஆபத்து என்று அரண்மனை அவனைக் கொன்றுவிடுகிறது. செத்தது அவர்கள் வயதுப் பையன்தான், ஆனாலும் யாரும் பயப்படவில்லை. கொதித்தார்கள். அடுத்த பாடவேளை ஆசிரியர் கதவைத் தட்டும்வரை வகுப்பில் ஒரே வழக்கு. கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்தால் பிள்ளை தாங்கிக்கொள்கிறது. குற்றம் தன்மேலேயே விழும் கதைதான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

பினாங்குஅப்பா
வாத்தியார் ஐயா, உங்க ஊர்க்காரன்தான், பட்டர்வொர்த். என் கதையையும் கேளுங்க. ஞாயித்துக்கிழமை தேவார வகுப்பு. எந்தக் கோயில்னு கேக்காதீங்க. சிறுத்தொண்டர் புராணம் சொல்லியிருக்காங்க, ஆறு வயசுப் பிள்ளைங்களுக்கு! பைரவ அடியார் வேஷத்துல சிவன் வந்து பிள்ளைக்கறி கேக்கிறாரு. அப்பா அறுக்க, அம்மா பிடிச்சுக்க, ரெண்டு பேரும் கண் கலங்கக்கூடாதுன்னு நிபந்தனை வேற.

வீட்டுக்கு வந்து மக கேட்டா: "சாமி கேட்டா நீங்க என்னை வெட்டுவீங்களா?"
"மாட்டேன்டா."
"அப்போ நீங்க நல்ல பக்தர் இல்லையா?"
"இல்லை"ன்னுட்டேன். வேற என்ன சொல்றது?

அடியவன்
சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் பாடியதை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது. சிறுத்தொண்டர் வாதாபியை வென்ற படைத்தலைவர், பரஞ்சோதியார். போருக்கு அஞ்சாதவர் பாசத்தையும் கடந்தார் என்பதுதான் அங்கே பொருள். தவிர, முடிவைச் சொன்னீர்களா இல்லையா? "மைந்தனை அழை" என்கிறார் அடியார். பெற்றோர் வாசலில் நின்று கூப்பிட, சீராளன் பள்ளியிலிருந்து வருபவனைப் போல ஓடி வருகிறான். யாரும் சாகவில்லை. இறைவன் சோதித்தான், அருளினான்.

பினாங்குஅப்பா
சொன்னேங்க. சொன்னதுதான் வினையாப் போச்சு. எங்கம்மாவைப் போன வருஷம்தான் பத்து லஞ்சாங்குல எரிச்சோம். சீராளன் திரும்பி வந்த இடத்துல மக கேக்கிறா: "நாம பாட்டியை வாசல்ல நின்னு கூப்பிடவே இல்லையே?"

மைவிஓட்டி
ஐயோ.

தாதி77
குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் தாதி நான். பினாங்குஅப்பா மகள் கேட்டது அந்த வயதுக்குச் சரியான கேள்வி.

1948-ல் வெளியான ஆய்வுக்காக மரியா நாகி என்ற ஆய்வாளர் புடாபெஸ்டிலும் அதைச் சுற்றியும் 378 பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு, எழுதவும் வரையவும் வைத்தார். அவர் கண்டது: ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாவு ஒரு பயணம், ஒரு தூக்கம்; போனவர் வருவார். ஐந்திலிருந்து ஒன்பது வரை சாவு ஓர் ஆள், வந்து பிடித்துக்கொண்டு போகிறவன், ஓடினால் தப்பிக்கலாம். நம் எமன், பாசக்கயிறு, எருமை எல்லாம் நினைவுக்கு வருகிறதா? ஒன்பதுக்கு மேல்தான் எல்லாருக்கும் வரும் என்ற தெளிவு. பின்னால் வந்த ஆய்வுகள் இந்த வயதைக் கீழே இறக்கின. 1984-ல் ஸ்பீஸ், பிரெண்ட் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் மூன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றார்கள்: செத்தவர் திரும்ப மாட்டார், உடம்பு எதுவும் செய்யாது, எல்லாருக்கும் வரும். என் வார்டில் அதைவிடச் சின்னதுகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். பக்கத்துக் கட்டில் காலியாவதைப் பார்ப்பவர்கள் அவர்கள்.

ஆக, "திரும்ப மாட்டார்" என்பதைப் பிள்ளை இழுத்துப் பிடித்துக் கற்றுக்கொண்டிருக்கும் அதே நேரத்தில்தான் நாம் சீராளனையும் லோகிதாசனையும் மார்க்கண்டேயனையும் கொண்டு போய்க் கொடுக்கிறோம். கதை பொல்லாதது என்று சொல்லவில்லை. கொடுக்கும் நேரம் அப்படி.

அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் ஹூப்பர் என்ற கடைக்காரராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு ஆளைப் போடலாம், ஊருக்குப் போனதாகச் சொல்லலாம். இரண்டும் செய்யவில்லை. 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பிய பகுதியில் பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை, எல்லாரையும் படம் வரைந்து கொண்டுவந்து கொடுக்கிறது. ஹூப்பர் படம் மட்டும் கையில் நிற்கிறது. இறந்துவிட்டார் என்று சொன்னதும், சரி, வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. அவர் வரமாட்டார் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஏன் இப்படி ஆகணும் என்று கேட்கிறது. அதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை, அப்படித்தான் என்றுமட்டும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களின் கண்ணெல்லாம் நிஜமாகவே கலங்கியிருக்கும்.

அடியவன்
அமெரிக்கப் பறவை சொன்னால் அறிவியல், நம் புராணம் சொன்னால் ஆகாது. நன்று.

தாதி77
அப்படிச் சொல்லவில்லை அண்ணா. நானும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவள்தான்.

லயத்துப்பேத்தி
அடியவன் ஐயா, நான் உங்க பக்கம் கொஞ்சம், தாதி பக்கம் கொஞ்சம். லோகிதாசன்னு அவங்க சொன்னதும் தோட்டத்துக் கூத்து ஞாபகம் வந்துடுச்சு. அரிச்சந்திரன் மயான காண்டம். விடிய விடிய நடக்கும். பாம்பு கடிச்சு செத்த பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு சந்திரமதி அழுவா. வேஷம் கட்டினது ஆம்பளை, எங்க பால்மரத்துக் கங்காணி. பகல்ல எங்களை விரட்டற மனுஷன், ராத்திரி சேலையைக் கட்டிக்கிட்டு மாரடிச்சா கூட்டமே அழும். எதிர்லயத்து அத்தை தன்னோட செத்துப்போன மகன் பேரைச் சொல்லி அழுததைப் பார்த்திருக்கேன். அந்தப் பேரை அவங்க மத்த நாள்ல சொல்லவே மாட்டாங்க.

அப்புறம் சாமி வந்து லோகிதாசனை எழுப்பும். அதுக்கு யாரும் கைதட்டினதா ஞாபகமே இல்லை. பாதிப்பேரு அதுக்குள்ள பாயைச் சுருட்டிட்டுப் பால்வெட்டுக்குக் கிளம்பிடுவாங்க. பிள்ளைங்களுக்கும் அப்படித்தான். எழுந்து வந்தது மனசுல நிக்கல. எப்படி அழறதுங்கிறது நின்னுச்சு. அப்பாயி செத்தப்போ நான் போய் ஒப்பாரியில உட்கார்ந்தேன், யாரும் சொல்லித் தரல.

நூலகப்பூனை சொன்னாங்களே, கீரிக் கதையில பாடம் உடனே வந்துடுதுன்னு. அதுதான் அதோட குறை. கீரிக்கு அழ ஆளில்லை. சிறுத்தொண்டர் கதையில இன்னும் மோசம், அழவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. என் கணக்குல, அழ இடம் விடுற கதை எந்த வயசுக்கும் தாங்கும்.

மைவிஓட்டி
அப்போ கீரிக்கு யாராவது ஒப்பாரி கட்டுங்க. நான் ரெடி.

லயத்துப்பேத்தி
கேட்டுட்டீங்க, இந்தாங்க:

பாலூத்தி வளர்த்த கையி பானை தூக்கிப் போட்டதென்ன
வாலாட்டி வந்த உன்னை வாசலிலே சாய்ச்சதென்ன

ஓய்வுவாத்தியார்
அருமை. என் வகுப்பில் வேறு வழியில் செய்வேன். கீரிக் கதையை நீதி வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டு, "மறுநாள் அந்த வீட்டில் என்ன நடந்தது?" என்று எழுதச் சொல்வேன். ஒரு பையன் எழுதினான்: "அம்மா பழக்கத்தில் இரண்டு கிண்ணத்தில் பால் ஊற்றினார்." அதோடு முடித்துவிட்டான். இன்னொருவன், பாம்பின் பிள்ளைகள் அப்பாவைத் தேடி வந்ததாக எழுதினான். நான் எத்தனையோ ஆண்டு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், பாம்புக்கும் வீடு உண்டு என்று நான் நினைத்ததே இல்லை.

செந்தூல்அம்மா
எல்லாருக்கும் நன்றி. லயத்துப்பேத்தி அக்கா, உங்க பாட்டை மகளுக்குப் பாடிக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "கீரி வாலாட்டாது, நாய்தான் ஆட்டும்"ங்கிறா. ஆனா மாமியார் பாத்திரம் கழுவறதை நிறுத்திட்டு, இன்னொரு தடவை பாடுன்னாங்க.

தாதி, ஒன்னு கேக்கணும். தாத்தா டயாலிசிஸுக்குப் போறப்போ தானும் வரணும்ங்கிறா. கூட்டிட்டுப் போலாமா?

தாதி77
சிகிச்சை நடக்கும் அறைக்குள் பிள்ளைகளை விடுவது மையத்துக்கு மையம் மாறும். தொற்றுப் பயத்தில் பல இடங்களில் விடமாட்டார்கள், முன்கூட்டியே கேளுங்கள். விடாவிட்டாலும் இயந்திரம் என்ன செய்கிறது என்று தாத்தாவையே சொல்லச் சொல்லுங்கள். சிறுநீரகம் செய்யும் வேலையை அது செய்கிறது. ரத்தம் குழாய் வழியே வெளியே போய், கழிவு வடிந்து, உடம்புக்குத் திரும்ப வருகிறது. பிள்ளை அதிகம் பயப்படுவது குழாய்க்கு அல்ல, மூடிய கதவுக்கு. "தாத்தா செத்துப்போவாரா" என்று கேட்டால், இன்றைக்கு இல்லை, வயதானவர், உடம்பு முடியாதவர், டாக்டர்கள் பார்க்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாத வாக்குறுதி வேண்டாம்.

நூலகப்பூனை
அம்மா, 'சார்லட்ஸ் வெப்'பை அவளாப் படிக்க ரெண்டு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் நீங்க தமிழ்ல சொல்லிக்கிட்டே ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் வாசிக்கலாம். கடைசி ரெண்டு அத்தியாயத்தைப் பிரிக்காதீங்க, ஒரே ராத்திரியில முடிச்சிடுங்க. சார்லட் செத்த இடத்துல புத்தகத்தை மூடி "மீதி நாளைக்கு"ன்னா தூக்கம் போச்சு, உங்களுக்கும்.

அடியவன்
யோசித்தேன். எங்கள் வகுப்பிலும் ஆறு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறுத்தொண்டரைப் பெரிய பிள்ளைகள் பிரிவுக்கு மாற்றலாமா என்று அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் கேட்கிறேன். சின்னவர்களுக்கு அப்பூதியடிகள் போதும் என்பார்கள், ஆனால் அதிலும் பாம்பு கடித்துப் பிள்ளை சாகிறது. மனுநீதிச் சோழனை எடுத்தால் தேர்க்காலில் கன்று. எங்கே திரும்பினாலும் ஒரு பிள்ளை செத்துத்தான் கிடக்கிறது.

மைவிஓட்டி
மனுநீதியில இளவரசனும் போறான், கன்னுக்குட்டியும் போகுது. பிள்ளைங்க யாருக்கு அழும்னு நினைக்கிறீங்க? கன்னுக்குட்டிக்குத்தான். பந்தயம் ஒரு தே தாரிக் டீ.

ஓய்வுவாத்தியார்
பந்தயத்தில் தோற்றுவிடுவீர்கள் தம்பி. என் வகுப்பில் எப்போதும் மணி அடித்த பசுவுக்குத்தான் அழுதார்கள்.